மேல் திருகு முதலில்

1.

இக்கதை கதையாகப் பிறக்கவில்லை. ஒரு சுவரொட்டியாகப் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது முறை.

எங்கள் தெருமுனையில் வண்டிகளுக்கான எண்ணெய் விற்கும் கடை ஒன்று உண்டு. கடைக்காரர் ஒருநாள் என்னை நிறுத்தி, "நாலு சக்கரமும் இழுக்கற எஸ்யூவிக்குப் பின்னாடி டிஃபரன்ஷியல் ஆயில எப்ப மாத்தணும்னு ஒரு பக்கம் எழுதிக் குடுங்கம்மா. செவுத்துல ஒட்டிடறேன். நீங்கதான் சுத்தமா எழுதுவீங்களே" என்றார்.

உண்மைதான், சுத்தமாக எழுதுவேன். நான் தமிழ் எழுதப் பிந்திக் கற்றவள். சிறுவயதில் கற்றவர்கள் தமிழை வாடகை வீடுபோல் நடத்துகிறார்கள். கண்ட இடத்தில் ஆணி அடிக்கிறார்கள், கறை படிந்தால் கவலைப்படுவதில்லை. நானோ சொந்தமாகக் கட்டிக் குடிபுகுந்தவள். எந்தச் சுவரில் எந்தச் செங்கல் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். ஆதலால் ஒப்புக்கொண்டேன். அன்று மாலையே தொடங்கினேன்.

முதல் தொடக்கம்: "பின் டிஃபரன்ஷியல் எனப்படுவது யாதெனில், இயந்திரத்தின் சுழற்சியைப் பின்சக்கரங்கள் இரண்டுக்கும் பகிர்ந்தளிக்கும் பற்சக்கரத் தொகுதி ஆகும். வண்டி வளையும்போது வெளிச்சக்கரம் கூடுதலாகவும் உட்சக்கரம் குறைவாகவும் சுழல இதுவே வழிசெய்கிறது. பற்கள் தேயாதிருக்கப் பற்சக்கர எண்ணெய் இன்றியமையாதது."

இதுவரை குற்றமில்லை. தொடர்ந்தேன்: "இவ்வெண்ணெயை மாற்ற வேண்டிய காலத்தை அறிய வண்டியின் கையேட்டைக் காண்க. கையேட்டைப் படிக்காதவர்கள் இருவகைப்படுவர். படிக்க நேரமில்லாதவர் ஒருவகை. படித்துவிட்டதாகச் சொல்லிக்கொள்பவர் மறுவகை. இரண்டாம் வகைக்கு எடுத்துக்காட்டு என் அத்தான்."

சுவரொட்டி அந்த இடத்தில் செத்துப்போயிற்று. பின்வருவது அதன் மிச்சம்.

2.

அத்தான் என்பவர் என் அக்காவின் கணவர். [இதை விளக்க வேண்டியதில்லை என்பது எனக்கும் தெரியும். ஆயினும் ஒரு பாத்திரம் நுழையும்போது உறவைச் சொல்லி உள்ளே விடுவதே ஒழுங்கு.] சாளரத் திரைகள் விற்பது அவர் தொழில். தெருவில் அவருக்குக் 'கம்பெனி' என்று பெயர். காரணம், "கம்பெனிக்காரனே சொல்லியிருக்கான்" என்று தொடங்காமல் அவரால் ஒரு கருத்தையும் வெளியிட இயலாது. துவைக்கும் இயந்திரமா, செருப்பா, தலைவலி மாத்திரையா, எதுவாயினும் அதைச் செய்த கம்பெனிக்காரன் அவரிடம் தனியாக வந்து காதில் சொல்லிவிட்டுப் போயிருப்பான்.

அக்கா தேனீ வளர்ப்பவள். பழத்தோட்டங்கள் பூக்கும் பருவத்தில் பெட்டிகளை டிரெய்லரில் ஏற்றி மலைக்கு அப்பால் கொண்டுபோய் வைப்பாள். தேனீக்கள் பூவுக்குப் பூ போகும், காய் பிடிக்கும், தோட்டக்காரர் கூலி கொடுப்பார். இந்தப் பருவத்தில் மலைக்கு அப்பாலுள்ள மிகப்பெரிய தோட்டத்தை முழுவதுமாக அவளிடம் ஒப்படைப்பதாகச் சொல்லியிருந்தார்கள். நிபந்தனை ஒன்றுதான்: பூ விரியும் நாளன்று உச்சிப்பொழுதுக்குள் பெட்டிகள் அங்கே இறங்கியிருக்க வேண்டும். தவறினால் வேறொரு தேனீக்காரர் காத்திருக்கிறார். இத்தோட்டம் கிடைத்தால் அக்கா சில்லறை வேலைகளை விட்டுவிட்டு அப்பக்கமே ஒரு கொட்டகை பிடிக்கலாம். அதற்காக அவள் பல பருவங்களாகக் கனவு கண்டு—

['கனவு கண்டு' வேண்டாம். அக்கா கனவு காண்பவள் அல்லள். முயன்றாள் என்க.]

அதற்காக அவள் பல பருவங்களாக முயன்றாள்.

வண்டி ஓட்டும் உரிமம் அக்காவிடமும் உண்டு. ஆயினும் ஓட்டுவது அத்தான்தான். "இது ஆல் வீல் டிரைவ்மா. எல்லாரும் ஓட்டற வண்டி இல்ல" என்பது அவர் தீர்ப்பு. வழுக்கும் பாதையிலும் எல்லாரும் ஓட்ட வேண்டும் என்பதற்காகவே அவ்வமைப்பைச் செய்தார்கள் என்பதைக் கம்பெனிக்காரன் அவர் காதில் சொல்ல மறந்துவிட்டான் போலும்.

இங்கு எனக்கோர் ஐயம் எழுகிறது. இத்தகைய மனிதரை வாசகர் நம்புவாரா? வெறும் வைக்கோல் பொம்மையைச் செய்து அடிக்கிறாள் என்று நினைக்கமாட்டாரா? ஆதலால் திருத்தி எழுதிப் பார்த்தேன்: "அத்தான் உள்ளூர நல்லவர், எனினும்—"

'உள்ளூர' என்ற சொல்லைக் கண்டதும் பேனாவை வைத்துவிட்டேன். உள்ளே போய் யார் பார்த்தது? டிஃபரன்ஷியலின் எண்ணெய்கூட உள்ளூரத்தான் இருக்கிறது.

3.

இனி, கேட்ட கேள்விக்கு விடை காண்போம். எண்ணெயை எப்போது மாற்ற வேண்டும்?

எண்ணெய்க் கடைக்காரரைக் கேட்டால், பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை என்பார். அவர் எண்ணெய் விற்பவர். விட்டால் வாரம் ஒருமுறை என்பார். விற்பனையகத்தில் தந்த வழுவழுப்பான தாளைக் கேட்டால், வாழ்நாள் முழுவதும் மாற்றவே வேண்டாம் என்கிறது. எவருடைய வாழ்நாள் என்பதை அத்தாள் கூறவில்லை. அவர்கள் வண்டி விற்பவர்கள். இது கெட்டால் அடுத்ததை விற்பார்கள். இவ்விரு வியாபாரங்களுக்கும் நடுவே உண்மை தலைகுனிந்து நிற்கிறது: இயல்பான பயன்பாட்டில் ஏறத்தாழ ஐம்பதாயிரம் முதல் எண்பதாயிரம் கிலோமீட்டர், கடும் பயன்பாட்டில் அதிற்பாதி. சரியான எண்ணை அந்தந்த வண்டியின் கையேடு சொல்லும். [சொல்லும்; ஆனால் யாராவது திறக்க வேண்டும்.]

கடும் பயன்பாடு யாது? பாரம் இழுத்தல், மலை ஏறுதல், புழுதியில் ஓடுதல், நீரில் இறங்குதல். இவற்றுள் நீரே கொடியது. ஓடிச் சூடான டிஃபரன்ஷியல் குளிர்ந்த நீரில் அமிழ்ந்தால் உள்ளிருக்கும் காற்று சுருங்கும். சுருங்கிய காற்று, ஆவி வெளியேற வைத்திருக்கும் மூச்சுக்குழாய் வழியே நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்படி நேர்ந்தால் கிலோமீட்டரை எண்ணிக்கொண்டிராமல் உடனே மாற்றிவிட வேண்டும். மாற்றாவிடின் முதலில் ஒரு முனகல் கேட்கும். பிறகு அந்த முனகலும் நின்றுவிடும், வண்டியோடு.

இவ்வளவும் எளிதில் விளங்கக்கூடியதே. விளங்காத பகுதி வேறொன்று: தன் பயன்பாடு கடுமையானது என்று உலகில் எவரும் ஒப்புக்கொண்டதில்லை. மழையில் நனைத்து, வெயிலில் காயவைத்து, மலையில் ஏற்றி, மூட்டை கட்டி இழுக்கவைத்துவிட்டு, "நார்மலாத்தான் ஓட்டறேன்" என்கிறார்கள். வண்டியை மட்டுமா இப்படிச் சொல்கிறார்கள்?

[இந்தக் கடைசி வாக்கியம் அக்காவைப் பற்றியது. அவளுக்குப் பிடிக்காது. ஆயினும் நீக்கவில்லை.]

அத்தானிடம் இதை ஒருமுறை நான் நேரிலேயே எடுத்துரைத்தேன். சாப்பாட்டு மேசை. அக்கா தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அத்தான், நீங்க டிரெய்லர் இழுக்கறீங்க. மலை ஏத்தறீங்க. வாராவாரம் ஓடையில வேற எறக்கறீங்க. இது கடும் பயன்பாடு."

"நான் என்ன பந்தயமா ஓட்டறேன்? நார்மல்தான். கம்பெனிக்காரனே லைஃப்டைம்னு சொல்லியிருக்கான். நீங்க உங்க எழுத்த மட்டும் பாருங்க, புலவரே."

நான் எழுதக் கற்ற நாளிலிருந்து அவருக்கு நான் புலவர். பாராட்டு என்று எவரும் கருத வேண்டாம்.

"பின்னாடி ஒரு சத்தம் வருதுங்க" என்றாள் அக்கா. "ஊஊன்னு. வேகம் கூடக் கூட அதுவும் கூடுது."

"டயர் சத்தம்."

"போன தடவையும் டயர்னுதான் சொன்னீங்க. டயர மாத்தியாச்சே."

"இது புது டயர் சத்தம்."

அக்கா தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் சண்டை போடுபவள் அல்லள். ஒவ்வொரு நாளும் ஆயிரக்கணக்கான கொடுக்குகளுக்கு நடுவே வேலை செய்பவளுக்கு வீட்டிலும் கையை வீசிப் பழக்கமில்லை.

[ஓடையைப் பற்றி: அங்கே பாலம் இருக்கிறது. ஒரு வளைவு சுற்றிப் போக வேண்டும், அவ்வளவே. அத்தான் ஓடைக்குள்தான் இறக்குவார். இரண்டு பக்கமும் தண்ணீர் எழும்பும்போது கண்ணாடியில் தம் முகத்தைப் பார்த்துக்கொள்வார்.]

4.

இதன் பின்னர் நிகழ்ந்ததை எழுதப் புகுகையில் மூன்று தொடக்கங்களைக் கிழித்தேன். "விதி சிரித்தது" என்று ஒன்று. விதிக்கு வேறு வேலை உண்டு. "அந்த விடியல் மற்ற விடியல்களைப் போன்றதன்று" என்று மற்றொன்று. எல்லா விடியலும் அப்படித்தான். "கதிரவன் தன் செங்கதிர்களை" என்று தொடங்கிய மூன்றாவது, பாடநூலில் என்னைக் கவர்ந்த வாக்கியம். ஆனால் அக்கதிரவன் சற்று நேரத்தில் என்ன செய்யப்போகிறான் என்பதை அறிந்த பின்னர் அவனைப் புகழக் கை வரவில்லை.

நேராகச் சொல்கிறேன்.

பூ விரியும் நாளுக்கு முந்தைய மாலை. தேனீக்கள் யாவும் கூடு திரும்பியபின் அக்கா பெட்டிகளின் வாசல்களை வலையால் அடைத்தாள். ஒவ்வொரு பெட்டிக்கும் வாசல் இரண்டு: கீழே அகன்ற வாசல், மேலே விரல் நுழையும் சிறு வாசல். இரண்டையும் அடைத்தால்தான் வழியில் தேனீ வெளியேறாது. டிரெய்லரில் ஏற்றி வண்டியோடு கோத்தும் ஆயிற்று. மூடிய பெட்டியைக் குளிர்ச்சி இருக்கும்போதே கொண்டுபோய்த் திறந்துவிட வேண்டும். வெயில் ஏறினால் உள்ளே புழுங்கிச் சாகும். ஆதலால் விடிந்ததும் புறப்படுவது என்பது ஏற்பாடு.

அப்போது எதிர்வீட்டுக்காரர் வாயிற்கதவில் கையூன்றி நின்று அத்தானிடம் ஒரு செய்தி சொன்னார்.

"எம் மச்சான் வண்டி மலை நடு வளைவுல நின்னுடுச்சு சார். உங்க வண்டி மாதிரிதான். பின்னாடி பல்லெல்லாம் பொடிப்பொடி. ஆயிலே மாத்தலையாம்."

அக்கா வாரக்கணக்கில் சொன்னாள், அது டயர். நான் இலக்கணத்தோடு சொன்னேன், அது புலமை. எதிர்வீட்டுக்காரர் பல்குத்திக்கொண்டே ஒருமுறை சொன்னார், அது உண்மையாகிவிட்டது.

விடியலில் நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அக்காவுடன் நானும் போவதாக இருந்தது. போனால், டிரெய்லர் வண்டியிலிருந்து கழற்றப்பட்டு முற்றத்து ஓரமாக நிற்கிறது. பெட்டிகளின் மேல் ஈரச்சாக்கு விரித்திருக்கிறது. வண்டியின் பின்சக்கரங்கள் இரும்புச் சாய்தளங்களின் மேல். அடியிலிருந்து இரண்டு கால்கள்.

[அவர்கள் முற்றம் பின்பக்கமாகச் சரிந்தது. ஆகவே சாய்தளத்தில் ஏற்றியதும் வண்டி மட்டமாக நின்றது. எண்ணெய் மாற்ற வண்டி மட்டமாக நிற்க வேண்டும் என்பது விதி. அன்று சரியாக நடந்தது இது ஒன்றே. அதையும் செய்தது தரை.]

"என்ன அத்தான், கெளம்பலையா?"

"பத்து நிமிஷம், புலவரே. பின்னாடி ஆயில மாத்திடறேன்."

"லைஃப்டைம்னு சொன்னீங்க?"

"கம்பெனிக்காரன் ஆயிரம் சொல்லுவான். நாமதான் யோசிக்கணும்" என்றன கால்கள்.

5.

இவ்விடத்தில் சுவரொட்டிக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. கதையின் போக்கை நிறுத்திப் பாடம் நடத்துவது பிழை என்பர். இப்பாடம் தெரியாததால் நின்றது கதை மட்டுமன்று.

டிஃபரன்ஷியலில் திருகுகள் இரண்டு. மேலே இருப்பது நிரப்பும் திருகு. கீழே இருப்பது வடிக்கும் திருகு. பழைய எண்ணெயை வடிக்கக் கீழே உள்ளதைத் திறப்பார்கள். புதியதை ஊற்ற மேலே உள்ளதைத் திறப்பார்கள். ஆயினும் முதலில் திறக்க வேண்டியது மேல் திருகையே. ஏனெனில், பல ஆண்டுகள் தொடாத திருகு துருப்பிடித்து இறுகியிருக்கலாம். மேல் திருகு அசையாவிடின் கீழே கை வைக்காமல் மூடிக்கொண்டு போய்விடலாம். பழைய எண்ணெயாவது உள்ளே இருக்கும். கீழ் திருகை முதலில் திறந்து, எல்லாம் வடிந்தபின், மேல் திருகு வர மறுத்தால்? உள்ளே ஒன்றுமில்லை, ஊற்றவும் வழியில்லை. எப்படியோ ஓடிக்கொண்டிருந்ததை ஓடவே முடியாததாக்கிய பெருமை மட்டும் எஞ்சும்.

அத்தான் கீழ் திருகை முதலில் திறந்தார்.

வடிந்த எண்ணெய் பால் கலந்த தேநீரின் நிறத்தில் இருந்தது. அக்கா வெளியே வந்து குனிந்து பார்த்தாள்.

"என்னங்க இது, தண்ணி கலந்த மாதிரி?"

"அது அப்படித்தான் இருக்கும்."

"ஓடைத் தண்ணிதானே?"

ஸ்பேனர் மேல் திருகில் ஏறும் ஓசை கேட்டது. பிறகு மூச்சைப் பிடிக்கும் ஓசை. பிறகு இரும்பு வழுக்கும் ஓசை. பிறகு ஒரு கெட்ட வார்த்தை. அதை எழுத எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. திருகின் விளிம்புகள் மழுங்கி உருண்டையாகிவிட்டன.

"அஞ்சு நிமிஷம்" என்றார்.

வெயில் எதிர்வீட்டு மாடியைத் தாண்டி முற்றத்துள் இறங்கியது. அக்கா ஒரு பெட்டியின்மேல் காதை வைத்தாள்.

"சத்தம் ஏறுது" என்றாள் என்னிடம். "விசிறிக்கிட்டு இருக்குதுங்க. இன்னும் கொஞ்ச நேரந்தான் தாங்கும்."

நான் வாடகை வண்டிக்காரர்களை அழைத்தேன். ஒருவர் எடுக்கவில்லை. மற்றவர், "தேனீயா? என்ன வேணா ஏத்தறேன்மா, அது மட்டும் வேண்டாம்" என்று வைத்துவிட்டார். எண்ணெய்க் கடைக்காரரை அழைத்தேன். "ஒரு சைஸ் சின்ன சாக்கெட்ட சுத்தியால அடிச்சு ஏத்தச் சொல்லுங்க, புடிச்சுக்கும்" என்றார். கையோடு, சுவரொட்டி முடிந்ததா என்றும் கேட்டார். [சாக்கெட் என்பது திருகின் தலையைக் கவ்வும் இரும்புக் குழல்.]

"அத்தான், ஒரு சைஸ் சின்னதா ஒரு சாக்கெட்ட—"

"ஆயில் விக்கறவன் எனக்கு ஸ்பேனர் புடிக்கச் சொல்லித் தரானா?"

"ஏங்க, வேற வழி ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க" என்றாள் அக்கா.

"ஆயில் இல்லாமயே மெதுவா உருட்டிட்டுப் போயிடலாம். கொஞ்ச தூரந்தானே."

"மலைங்க அது."

"எறக்கத்துல என்ன ஆகப்போகுது?"

"ஏத்தம் வந்தாத்தானே எறக்கம் வரும்?"

மனிதரை முகம் பாராமல் கால்களோடு பேசவைத்ததே அவர்களது இல்வாழ்க்கை என்று எழுத நினைத்து—

விட்டுவிட்டேன். அவ்வளவு அழகாக வரும்போதே சந்தேகப்பட வேண்டும்.

6.

இவ்விடத்தில் கதைக்கு முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று. எங்கிருந்தோ ஒரு முதிய மெக்கானிக் வருகிறார், புன்னகைக்கிறார், ஒரே தட்டில் திருகைக் கழற்றுகிறார், தத்துவம் ஒன்று சொல்லிவிட்டுக் கூலி வாங்காமல் போகிறார். [இப்படிப்பட்டவர் எங்கள் தெருவில் இல்லை. எந்தத் தெருவிலும் இல்லை. கதைகளில் மட்டும் வேலையில்லாமல் அலைகிறார்.]

முடிவு இரண்டு. அத்தான் அடியிலிருந்து வெளிவந்து, கண்ணீர் மல்க, "என்னை மன்னிச்சிடு" என்கிறார். [சிரித்துவிட்டேன்.]

முடிவு மூன்று. அக்கா வெகுண்டெழுந்து சாய்தளத்தை எட்டி உதைக்கிறாள். [எழுதும்போது கை இனித்தது. அக்கா படித்தால் என்னைத்தான் உதைப்பாள்.]

மூன்றும் ஏன் சரிவரவில்லை என்று எண்ணிப் பார்த்தேன். ஒரு விடை தோன்றியது. எனக்கு அது உவப்பாக இல்லை. நான் இதுவரை அத்தானை வடித்திருக்கிறேன். ஒரு பக்கம் விடாமல், சொட்டு விடாமல். இப்போது ஒரு முடிவுக்காக அவருள் எதையேனும் ஊற்ற வேண்டும்; ஊற்றும் வழி திறக்கவில்லை. மேல் திருகை நானும் முதலில் பார்க்கவில்லை.

சரி, முயல்வோம். "அத்தான் ஒருமுறை மழையில் நனைந்தபடி—" இல்லை, அது குடையை மறந்ததால். "அக்காவுக்குக் காய்ச்சல் வந்தபோது அவர்—" கம்பெனிக்காரன் சொன்ன மாத்திரையை வாங்கிவந்தார். "அவர் ஒருபோதும்—"

ஈரச்சாக்கு.

விடியலில் பெட்டிகளின் மேல் ஈரச்சாக்கு விரித்திருந்ததாக எழுதினேன் அல்லவா? அதை அக்கா செய்திருப்பாள் என்று எண்ணியே எழுதினேன். பின்னர் கேட்டபோது, "நான் இல்லையே, நீதான்னு நெனச்சேன்" என்றாள். நான் இல்லை. அவ்வீட்டில் எஞ்சியிருப்பது ஒருவரே. அவருக்கோ தேனீ என்றால் பத்தடி தள்ளி நிற்கும் பயம்.

வெறும் பனியாகவும் இருக்கலாம். வெளியே கிடந்த சாக்கு விடியலில் ஈரமாகத்தான் இருக்கும். ஆனால் சாக்கு தானாக ஏறிப் படுத்துக்கொள்ளாது. இதை வைத்துக்கொண்டு ஒரு மனிதரை நல்லவராக்க நான் ஆயத்தமாக இல்லை. எழுதி மட்டும் வைக்கிறேன்.

7.

நடந்தது இது.

அக்கா உள்ளே போய் வலைத்தொப்பி அணிந்து வந்தாள். எனக்கும் ஒன்று தந்தாள். குனிந்து வண்டிக்கடியில் பார்த்து, "ஏங்க, அங்கேயே அசையாம இருங்க" என்றாள்.

"எதுக்கு?"

"சொன்னா கேளுங்க."

முதல் பெட்டியின் மேல் வாசலிலிருந்தும் கீழ் வாசலிலிருந்தும் வலைகளை உருவினாள். அடுத்தது. அதற்கடுத்தது. பெட்டிகளைத் திறந்தால் தேனீக்கள் பிழைக்கும். திறந்தால் அவை பொழுது சாயும்வரை திரும்பா, அன்று மலை தாண்ட முடியாது, தோட்டம் போயிற்று. அவள் கணக்குப் போட்டு முடித்துவிட்டாள் என்பது தொப்பிக்குள்ளிருந்தும் தெரிந்தது. முற்றம் முழுவதும் இரைச்சல் எழுந்து சுழன்றது. பழகிய இடமாதலால் அவை சற்றே வட்டமிட்டுவிட்டு வழக்கம்போல் வேலைக்குப் புறப்பட்டன.

கடைசிப் பெட்டியின் வலையை அவள் உருவிய சமயத்தில் வண்டிக்கடியில் சுத்தியல் அடிக்கும் ஓசை கேட்டது. இரும்பு ஒன்று கிறீச்சிட்டது.

"தொறந்துருச்சு! ஏம்மா, மேல் நட்டு தொறந்துருச்சு! சின்ன சாக்கெட்ட அடிச்சு ஏத்தினேன்!"

அக்கா கையிலிருந்த வலையை மடித்தாள்.

"இங்கயும் தொறந்தாச்சுங்க" என்றாள்.

வண்டிக்கடியிலிருந்து, "எல்லாத்தையுமா?" என்று கேட்டார்.

"எல்லாத்தையும்."

பிறகு கீழ் திருகை இறுக்கிவிட்டு, புதிய எண்ணெயை, மேல் துளையில் வழியும்வரை, ஊற்றினார். மூடினார். எதிர்ப்பக்கமாக ஊர்ந்து வெளிவந்து, சுவரோடு ஒட்டி, முழங்கைகளால் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றார். அப்படியொரு காட்சியை நான் நீண்ட காலமாக எதிர்பார்த்திருந்தேன். எதிர்பார்த்த அளவு இனிக்கவில்லை, ஆயினும் இனித்தது.

அக்கா கை நீட்டினாள். "சாவி."

"நானும் வரேன்."

"நீங்க வந்தா இதுங்கள யாரு மூடறது? நான் போய்த் தோட்டக்காரர நேர்ல பாக்கறேன். நாளைக்குக் காலைல கொண்டாறேன்னு கேக்கறேன். போன்ல கேட்டா இல்லன்னுடுவாரு. மூஞ்சியப் பாத்துச் சொல்லட்டும்."

"இவ மூடட்டுமே" என்று என்னைக் காட்டினார்.

"நீங்க மூடுங்க. பொழுது சாஞ்சு எல்லாம் உள்ள வந்ததும் மூடுங்க. ஒரு வாசல் விட்டாக்கூட நாளைக்கு நகர முடியாது. இவ தொடக்கூடாது."

"இல்லம்மா, இது ஆல் வீல்—"

"தெரியுங்க."

வண்டி சாய்தளத்திலிருந்து இறங்கிற்று. டிரெய்லரை விட்டுவிட்டுத் தனியாகப் போனாள். முற்றத்திலிருந்தே தெரியும் ஓடைக்கரை வந்ததும் இடப்பக்கம் திரும்பிப் பாலத்தின்மேல் போனாள். முனகல் குறைந்திருந்ததா என்று காது கொடுத்துக் கேட்டேன். அத்தானும் கேட்டார்.

8.

பிற்பகலில் அக்கா அழைத்தாள். தோட்டக்காரர் நெடுநேரம் முகத்தைச் சுளித்துவிட்டு ஒப்புக்கொண்டாராம். மறுநாள் காலை, குளிர்ச்சியிலேயே, பெட்டிகள் வந்துவிட வேண்டும். "ராத்திரிக்கு வந்துடறேன். அவர மூடச் சொல்லு" என்றாள். "நீ மூடாத."

ஆக, தோட்டம் இப்போது அத்தானின் கையில் இருக்கிறது. இதை எழுதும்போதே அச்சமாக இருக்கிறது.

பொழுது சாய்கிறது. தேனீக்கள் ஒன்றிரண்டாக, பிறகு திரளாக, வந்து இறங்குகின்றன. அத்தான் அக்காவின் வலைத்தொப்பியை அணிந்திருக்கிறார். அது சிறியது, காது மடங்கியிருக்கிறது. ஒரு கையில் மேல் வாசலுக்கான சிறு வலை. மறுகையில் கீழ் வாசலுக்கான பெரிய வலை. முதல் பெட்டியின் முன் வந்துவிட்டார். பத்தடி தள்ளி அல்ல, எதிரே. கீழ் வாசலின் பக்கம் குனிகிறார். நிற்கிறார்.

மேல் வாசலை முதலில் மூட வேண்டும். அப்போதுதான் பிந்திவரும் தேனீக்கள் கீழ் வாசல் வழியே நுழையும். இறுதியில் அதை மூடலாம். கீழே முதலில் மூடினால் உள்ளிருப்பவை யாவும் மேல் வாசல் வழியே மூடுபவரின் முகத்துக்கு நேராகப் பீறிட்டு வரும். அவர் வலைகளைப் போட்டுவிட்டு ஓடுவார். பெட்டி திறந்தே கிடக்கும். விடியலில் டிரெய்லர் நகராது.

அத்தான் நிமிர்ந்து என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏம்மா" என்றார். 'புலவரே' என்று சொல்லவில்லை. "மேல முதல்லயா, கீழ முதல்லயா?"

இத்தனை ஆண்டுகளில் அவர் எவரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

என்னிடம் விடைகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று, ஒரே சொல்: "மேல." மற்றொன்றை விடியலிலிருந்து தீட்டி வைத்திருக்கிறேன்: "கம்பெனிக்காரன் என்ன சொல்லியிருக்கான், அத்தான்?" இக்கதையிலேயே சிறந்த வாக்கியம் அதுதான். எதுகையோ மோனையோ தேவையில்லை. அவ்விடத்தில் அதைப்போல் பொருந்தும் வாக்கியத்தை எந்தப் பாடநூலிலும் நான் கண்டதில்லை. அதைச் சொன்னால் அவர் வாய்மூடிக் கீழ் வாசலையே முதலில் மூடுவார். அவரை எனக்குத் தெரியும். கதை அழகாக முடியும். தோட்டமும் முடியும்.

உங்களுக்கு இது எளிதான தேர்வாகத் தோன்றலாம். நீங்கள் அவரோடு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தவரல்லர்.

பேனாவை இங்கே வைக்கிறேன். அவர் இன்னும் இரண்டு வலைகளையும் பிடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். காது மடங்கியே இருக்கிறது. வேண்டுமானால் நீங்களே அவருக்குச் சொல்லுங்கள். கடைசித் தேனீக்கள் இறங்கிவிட்டன; வெளிச்சம் போய்க்கொண்டிருக்கிறது.